ஓரகத்தி சொன்ன வார்த்தை

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் பிள்ளை சுமந்தார்கள். சின்னவளுக்கு ஆறாம் மாதம், பெரியவளுக்கு ஐந்து. மாடிப்படியில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டால் விலகிப் போக இடமிருக்காது. "யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுங்க" என்பான் சின்னவளின் கணவன். அவன் வேன் ஓட்டுபவன்.

சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் முகக்கவசத்தை இறக்கிவிட்டுத்தான் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் மூச்சு படும் தூரத்தில் நின்று, காதோரக் கம்பியை வளைத்துச் சரிசெய்வது அவள் வேலை. ஸ்கேன் எடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் எச்சரித்தார். கடைசி மாதங்களில் கொரோனா வந்தால் தாய்க்கு மூச்சு முட்டும், பிள்ளை நாளுக்கு முன்பே பிறக்கலாம், தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது என்றார்.

மாமியார் காதிலேயே வாங்கவில்லை. "வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊசியா? என் வீட்டுல அது நடக்காது."

அன்று சாயங்காலமே சின்னவள் பெரியவளிடம் போய் நின்றாள். பெரியவள் கல்லூரியில் நூலகர். எதையும் நாலு இடத்தில் விசாரித்துச் செய்கிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சின்னவளுக்கு அவள் சொன்னால் சொன்னதுதான்.

"நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க?"

பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் போட்டுக்கல. ரெண்டு பேரும் பேசாம இருப்போம். பிள்ளை பிறந்தப்புறம் சேர்ந்தே போய்ப் போட்டுக்கலாம்."

சேர்ந்தே என்றது சின்னவளுக்குத் தெம்பாக இருந்தது. "எதுக்கும் போட்டுடலாமே" என்று கணவன் இழுத்தபோதுகூட, "அக்காவே போட்டுக்கல, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

சின்னவளின் எட்டாம் மாதத்தில் வீட்டுக்குள் நோய் வந்தது. ஒரே வாரத்தில் எல்லோரும் படுத்தார்கள். பெரியவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்து நடமாடினாள். சின்னவளுக்கோ ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை. கணவன் அவளை வேனிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

ஆக்சிஜன் வைத்தும் தேறவில்லை. வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு தடுமாறியது. முப்பத்திரண்டாம் வாரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோதான் இருந்தாள். அவள் அழுததைத் தாய் கேட்கவில்லை. தாயின் தொண்டைக்குள் குழாய் இறங்கியிருந்தது, ஒன்பது நாள் மயக்கத்திலேயே கிடந்தாள்.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினாள். வெறுமையாக இருந்தது. நர்ஸ் அவசரமாகப் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயுடன், உள்ளங்கையளவு முகம்.

"உங்க பொண்ணுதான். அவளுக்குக் கொரோனா இல்ல, ரெண்டு தடவை பார்த்துட்டோம். கொஞ்சம் அவசரப்பட்டு வந்துட்டா, அவ்வளவுதான்."

நாலு நாள் கழித்து, பழைய பரிசோதனைக் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். கணவன் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துவந்து கொடுத்துவிட்டுப் போனான். நர்ஸ் புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"ரெண்டு ஊசியும் போட்டிருக்கீங்களே! அதுக்கப்புறமுமா இவ்வளவு மோசமாச்சு?"

"நான் போட்டுக்கலையே."

சின்னவள் கை நீட்டி வாங்கிப் பார்த்தாள். அட்டையில் பெரியவளின் பெயர். கணவன் அவசரத்தில் ஃபைலை மாற்றி எடுத்துவந்திருந்தான். உள்ளே தடுப்பூசிச் சீட்டு. முதல் ஊசி, அவள் போய்க் கேட்ட வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு. கை வலிகூட அப்போது தீர்ந்திருக்காது.

போனில் பெரியவள் மறுக்கவில்லை.

"அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய்ப் போட்டுக்கிட்டேன். அத்தைக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாகியிருக்கும். உன்கிட்ட சொன்னா நீ வாய்தவறி உளறிடுவியோன்னு..."

"சொல்லாம இருந்திருக்கலாம்க்கா. எனக்குத் தெரியாது, டாக்டர் சொல்றபடி செய்னு சொல்லியிருக்கலாம். பொய் ஏன் சொன்னீங்க?"

"இப்படி ஆகும்னு நான் கண்டேனா?"

"கண்டதாலதானே நீங்க போட்டுக்கிட்டீங்க?"

போனை வைத்தபின் சின்னவளுக்கு வந்த இருமலில் அறுவைத் தையல் சுண்டியிழுத்தது. அழக்கூட முடியவில்லை.

குழந்தை ஐந்து வாரம் பெட்டியில் இருந்தாள். சின்னவள் முகக்கவசத்தோடு பால் பீய்ச்சிக் கொடுத்தாள். முதல் முறை மகளை நெஞ்சோடு சேர்த்து வைத்தபோது, தூக்கத் தெரியாதவள்போல, தலையை எப்படிப் பிடிப்பது என்று நர்ஸிடம் கேட்டாள்.

பார்க்க வந்த மாமியார் சொன்னாள்: "பார்த்தியா, பெரியவளும் ஊசி போடாமத்தான் தப்பிச்சா. உனக்குத்தான் உடம்புல தெம்பில்ல." சின்னவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். யாரைக் காப்பாற்ற விழுங்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கணவன் இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்திருந்தான்.

பெரியவளுக்கு நாள் முழுதாக நிறைந்து ஆண்பிள்ளை பிறந்தது. சின்னவள் போய்ப் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தான். கன்னத்தைத் தொட்டபோது அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் என்மேல கோபமா?"

"கோபமா இருந்தா சண்டை போட்டுட்டு மறுபடி பேசியிருப்பேன்க்கா" என்றாள் சின்னவள். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "எம்பொண்ணுக்குப் பால் நேரமாச்சு. வரேன்."