சும்மா இருக்க ஒரு கையெழுத்து

வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லும் நாடு ஒன்று இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சட்டம் அப்படித்தான். ஓய்வு விசா என்று அதற்குப் பெயர். அறுபது வயது ஆனவர்கள் வரலாம், வெயில் காயலாம், கடலில் குளிக்கலாம், பென்ஷனைச் செலவழிக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது. செய்தது தெரிந்தால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும்.

அந்தக் காகிதத்தில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டபோது அவர் மனைவி பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்த கையெழுத்து வேறு கிடையாது.

பின்னே என்ன? மனுஷர் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். "சார், அடுப்பு ஃபேன் நின்னுடுச்சு." சோற்றில் போட்ட கையை உதறிக்கொண்டு ஓடுவார். மகளின் கல்யாணத்தன்று மண்டபத்து ஜெனரேட்டர் மக்கர் பண்ண, எலக்ட்ரீஷியனை நகரச் சொல்லிவிட்டு இவரே அதற்கடியில் போய்ப் படுத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் அப்பா இருப்பது ஒரே ஒரு படத்தில். அதிலும் கை கன்னங்கரேல் என்று இருக்கும்.

மனைவி குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். "ரிடையர் ஆகட்டும் பாரு. நீ எந்த ஊர் சொல்றியோ அங்க வந்து சும்மா உக்காந்துடறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ரிடையர் ஆன அன்று மாலை, ஃபேக்டரியில் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை அவர் மேஜையில் வைத்ததும், அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஏதோ பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம். பதினோரு வருஷமாக வைத்திருந்ததில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், மணலில் இரண்டு நாற்காலி.

"இங்க," என்றாள்.

மகள் உட்கார்ந்து எல்லாப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தாள். வந்து சேர்ந்தார்கள்.

ஊர் நன்றாகத்தான் இருந்தது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட சின்ன வீடு. முன்னால் மரக் கதவு, பின்னால் காரை போட்ட முற்றம், அதில் துணி துவைக்கும் கல். யாருக்கும் எதற்கும் அவசரம் இல்லை. பஸ் டிரைவர் நடுவில் இறங்கி யாரிடமாவது குசலம் விசாரித்துவிட்டு வருவார், உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாகத் தாங்களும் சேர்ந்து விசாரிப்பார்கள்.

மனைவிக்கு அது சொர்க்கமாகிவிட்டது. காலை ஏழு மணிக்குத் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரோடு கடலுக்குப் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவாள். அறுபது வயதில் மிதக்கக் கற்றுக்கொண்டாள். மிதந்துகொண்டே பேசிப் பேசி அந்த ஊர்ப் பாஷையையும் கற்றுக்கொண்டாள். எழுத்துத்தான் தெரியாது, பேச்சு தண்ணீர் பட்ட பாடு. மாடிப்படியைக் கண்டாலே அழுத முழங்கால், வந்த இரண்டாம் மாதமே வலி என்றால் என்ன என்று கேட்டது.

ஃபோர்மேனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் எதிர்வீட்டுக்காரர் திண்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர் படகுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுகிறவர். வாசலில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு, ஒரு குச்சியை விட்டு றெக்கையைத் தள்ளிவிட்டால்தான் அது சுற்றுகிறது. ஃபோர்மேனுக்குக் கை நமநமவென்று அரித்தது. கண்டென்சர் போயிருக்கிறது, இது கூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது? கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குச்சி சத்தம் கேட்டது. எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

சவரப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் அன்று வெளியே வந்தன. அரை மணி நேரத்தில் ஃபேன் பறந்தது. பெயின்டர் விரலைத் தேய்த்துக் காட்டி, எவ்வளவு என்று கேட்டார். ஃபோர்மேனுக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது தண்ணீர், உப்பு, நன்றி, மூன்று வார்த்தைதான். கையை ஆட்டித் தமிழிலேயே சொன்னார். "சும்மா, சும்மா!"

பெயின்டர் தன் மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். பிறகு இவர் மார்பைத் தொட்டு, "சும்மா?" என்றார்.

காசு வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து ஃபோர்மேன் பலமாகத் தலையை ஆட்டினார். வினை அங்கே பிடித்தது.

மறுநாள் முதல் ஏழு மணிக்கு அவள் கடலுக்குப் புறப்பட்டதும், பின்முற்றத்துக் கதவை யாராவது தட்டுவார்கள். ஃபேன், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஒருநாள் தையல் மிஷின். பத்து மணிக்குள் வேலையை முடித்து, முற்றத்தைக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. வேலை என்றால் சம்பளம் வேண்டும், சம்பளம் இல்லாதது எப்படி வேலையாகும் என்று தனக்குத் தானே சட்டமும் பேசிக்கொண்டார். அப்படியானால் ஏன் ஒளித்துச் செய்கிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதற்குள் அடுத்த ஃபேன் வந்துவிடும்.

வாசல் கதவருகே தினமும் ஒரு பப்பாளி இருக்கும். "எவ்வளவு தங்கமான ஜனங்க!" என்று அவள் உருகுவாள். கடலில் கூட வரும் பெண்கள் அவளைப் பார்த்து, "சும்மா! சும்மா!" என்று சிரித்தபோது, நம் பேச்சைக் கேட்டே ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார்களே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெயின்டர் ஒருநாள் நீலப் பலகை ஒன்றில் வெள்ளை எழுத்தில் ஏதோ எழுதி, ஓரத்தில் ஒரு மீனும் வரைந்து வாசலில் மாட்டிவிட்டுப் போனார். நல்வரவு என்று இருக்கும் என்று ஃபோர்மேன் நினைத்தார். விற்காமல் போன படகுப் பலகையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஐந்தாவது மாதம் ஒருநாள், பத்தரை மணிக்குக் குடையும் ஃபைலுமாக ஓர் அம்மாள் வந்து நின்றாள். குடியேற்ற அலுவலகத்து அதிகாரி.

அன்றைக்குப் பார்த்து ஒரு ஃபேன் சுற்ற மாட்டேன் என்று இறுகிப்போய், ஃபோர்மேன் இன்னும் பின்முற்றத்தில்தான் இருந்தார். ஈரத் தலையோடு வந்த மனைவி அதைக் கவனிக்கவில்லை. அதிகாரியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பப்பாளியை நறுக்கித் தட்டில் வைத்தாள்.

"ஒரு புகார் வந்திருக்கு," என்றாள் அதிகாரி, அந்த ஊர்ப் பாஷையில். "கடைத்தெருவில ஃபேன் விக்கிறவர் எழுதியிருக்கார். நாலு மாசமா ஈ ஓட்டறாராம். இந்தத் தெருவில சும்மான்னு ஒரு ஆள் அனுமதி இல்லாம ரிப்பேர் கடை நடத்தறாராம்."

"சும்மாவா? அப்படி யாரும் இங்க இல்லையே."

"உங்க வாசல்லதானே பலகை தொங்குது. சும்மான்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே!"

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அது ஏதோ படகுப் பலகைங்க. எங்க வீட்டுக்காரர் ரிடையர் ஆனவர். ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டார்."

அந்த நேரம் பார்த்துத்தான் துரும்பை எடுத்துப் போடாதவர் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். இரண்டு கையும் கன்னங்கரேல் என்று இருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கல்யாண ஆல்பத்தில் பார்த்த அதே கை. தினசரிப் பப்பாளி, கழுவிய முற்றம், கொட்டாவி எல்லாம் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

குடையையும் ஃபைலையும் பார்த்த ஃபோர்மேனுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. முப்பது நாள். அவளுடைய கடல், அவளுடைய முழங்கால், பதினோரு வருஷம் புடவைக்கடியில் கிடந்த படம், எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கெடுத்துவிட்டோமே என்று மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

"இந்தாம்மா," என்றார். "தப்பு பூரா என் மேலதான்னு அவங்ககிட்ட சொல்லு. நான் மட்டும் திரும்பிப் போயிடறேன். நீ இங்கயே இரு. உனக்கு இந்த ஊர்தான் ஒத்துக்குது. நான் மகள் வீட்டுல எப்படியாவது..."

"வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க!" என்று அவள் சீறினாள்.

அதிகாரி துள்ளி எழுந்தாள். "சும்மா! இப்பக் கூப்பிட்டீங்களே! அப்ப இவர்தான் சும்மா!"

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் அதிகாரி பேனா மூடியைக் கழற்றினாள். மனைவி கணவனைப் பார்த்தாள், பலகை இருந்த திசையைப் பார்த்தாள், மறுபடி கணவனைப் பார்த்தாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அது பேர் இல்லைங்க," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க பாஷையில ஒரு வார்த்தை."

"வார்த்தையோ பேரோ, எனக்கு மூணு கட்டம் நிரப்பணும்," என்றாள் அதிகாரி படிவத்தைக் காட்டி. "இவர் இங்க என்ன பண்றார்?"

"சும்மா இருக்கார். அதாவது, உத்தியோகம் ஒண்ணும் கிடையாது."

"ரிப்பேர் பண்றதுக்கு என்ன வாங்கறார்?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "காசு வாங்கினீங்களா?"

"உன் மேல சத்தியமா ஒரு பைசா வாங்கல."

"சும்மா பண்றார். அதாவது, இலவசம்."

"காசும் வாங்காம பின்னே எதுக்குத்தான் பண்றார்?"

முப்பத்தாறு வருஷமாக அவளும் கேட்ட கேள்விதானே அது.

"சும்மாதான்," என்றாள் அவள். "காரணம் ஒண்ணும் கிடையாது. பண்ணாம இருக்க அவரால முடியாது, அவ்வளவுதான்."

அதிகாரி படிவத்தைப் பார்த்தாள், இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மூன்று கட்டத்திலும் ஒரே வார்த்தையை நிதானமாக எழுதினாள். சம்பளத்துக்குப் பார்ப்பதுதான் வேலை என்று சட்டத்தில் இருக்கிறது, இந்த மாதிரிக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். "இந்தப் பப்பாளி யார் வாங்கினது?"

இதை மனைவி மொழிபெயர்த்ததும் ஃபோர்மேன் அசடு வழியச் சிரித்தார். "சும்மா," என்றார்.

அதிகாரியும் சிரித்துவிட்டாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கடைப் பலகை மாட்டுவது மட்டும் குற்றம், வீட்டுப் பெயர் என்றால் பரவாயில்லை, சும்மாவுக்குப் பக்கத்தில் வீடு என்று எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதும் ஃபோர்மேன் திட்டு வாங்கத் தயாராக நின்றார். அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நாலு மாசமா?" என்றாள்.

"ஆமா."

"நான் கடல்ல இருக்கிற நேரமாப் பார்த்து?"

"கெட்டுப்போன ஃபேனைப் பார்த்துட்டு இருக்க முடியலம்மா. உனக்குத்தான் கடல் கிடைச்சுதேன்னு..."

"நான் கடலைக் கேட்டேன்னு யார் சொன்னது?" உள்ளே போய் அந்தக் கிழிந்த படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல கடலை நான் எப்பப் பார்த்தேன்? ரெண்டு நாற்காலி இருக்கு பாருங்க. அதைத்தான் பதினோரு வருஷமாப் பார்த்தேன்."

ஃபோர்மேன் படத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. கறுத்த கையால் தொட்டால் அழுக்காகுமே என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொல்லியிருந்தா நாற்காலி ஆடுதுன்னு ரிப்பேர் பண்ணப் போயிருப்பீங்க."

மறுநாள் பெயின்டர் வந்து, பலகையில் வீடு என்று சேர்த்து எழுதினார். கூடவே அவள் சொன்னபடி, பத்து மணிக்கு மேல்தான் யாரும் கதவைத் தட்டலாம் என்று தெருவுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோர்மேன் அரைக்கால் சட்டையோடு கடலில் நின்றார். அவள் அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். அவர் மல்லாந்தார், காலை உதைத்தார், கையை அடித்தார், உப்புத் தண்ணீர் குடித்து எழுந்தார். இரண்டாம் தடவையும் அதே கதைதான். தெருப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று, "சும்மா! சும்மா!" என்று கத்தினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, ஆடாமல் கிட என்கிறார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று கையையும் காலையும் விட்டுவிட்டார்.

தண்ணீர் தாங்கியது. தலையைத் திருப்பிப் பார்த்தார். முதுகுக்கு அடியிலிருந்த கையை எப்போது எடுத்தாளோ, அவளும் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தாள்.