மிக்ஸிக்குப் போகாத கறி

கறிக்கடைக்காரர் வாயில் மிச்சமிருந்தவை மூன்றே பற்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. மூன்றும் பேச்சுவார்த்தை அறுந்துபோன சம்பந்திகள் மாதிரி, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் தள்ளித் தள்ளி நின்றன. பல் செட் கட்டிப் பார்த்தார். ஈறு புண்ணானதுதான் மிச்சம். கழற்றித் தம்ளரில் போட்டார். அது அங்கே கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பல் போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் மதியம், மெல்லாமல் விழுங்கிய பன்றிக்கறித் துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கி, முகம் நீலம் பாய்ந்து, மகள் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்த பிறகுதான் வெளியே வந்து விழுந்தது. மூச்சு திரும்பியதும் மனிதர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அடுத்த துண்டுக்குக் கை நீட்டியது. மகள் தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே மிக்ஸியில்தான். சோறா, காயா, கறியா என்று நாக்குக்கே தெரியாத ஒரு கஞ்சி. அதுவும் மற்றவர்கள் உட்காருவதற்கு முன்பே, தனியாக, கிண்ணத்தில் ஸ்பூன் போட்டு. சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலியில் இப்போது மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. ஊருக்கே கறி வெட்டிப் போட்டவருக்கு இது பொறுக்குமா?

மகளைக் குறை சொல்லவும் முடியாது. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்கப் பேச்சு வாங்கிவிட்டு வந்து, அப்பாவுக்கென்று தனியாக அரைக்கிறாள். பாசம் இல்லாமலா? ஆனால் பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"எனக்குக் கறி வேணும். மேசையில உக்காந்து வேணும்" என்றார் அவர்.

"அன்னிக்கு உங்க மூஞ்சிய நீங்க பாக்கலப்பா. நான் பாத்தேன்" என்றாள் மகள்.

பேச்சு அத்தோடு நின்றது. அவருடைய வீம்பு நிற்கவில்லை.

அடுத்த தெருவில், மாடியில், ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். கடையின் பழைய வாடிக்கை. பன்றிக்கறி வாங்கிப் போய், ஜப்பான்காரர்கள் புளிக்கவைக்கும் ஏதோ அரிசியில், கறி மெத்தென்று ஆவதற்காக, ஊறப்போட்டுச் சமைப்பதாக ஒரு முறை கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கடைக்காரர் பிடித்துக்கொண்டார். கத்தி பிடிக்கத் தெரிந்தவன் வெட்டினால் கறி தானாக மெத்தென்று வேகும், என் கறிக்கு எதற்கு ஊறல் என்று கடை கொள்ளாத கூட்டத்துக்கு நடுவே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்குத் தெருவில் 'ஊறல் டீச்சர்' என்றே பெயர். இப்போது அந்த ஊறல் டீச்சரின் மாடிப்படியில்தான் நம்மவர் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்.

என்ன வேண்டும் என்று கதவைப் பாதி திறந்து கேட்டார் டீச்சர். அந்த அரிசி என்றார் இவர். எந்த அரிசி?

"நான் கிண்டல் பண்ணேனே, அந்த அரிசி" என்றார் கடைக்காரர், கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி.

கதவு முழுசாகத் திறந்தது. டீச்சர் கொடுத்த ஜாடிக்குள் வெள்ளையாக, கொழகொழவென்று, பழத்தின் வாசமும் சோற்றின் வாசமும் கலந்த ஒன்று இருந்தது. வெந்த அரிசியில் ஒரு நல்ல பூஞ்சையை வளரவிட்டு, உப்பும் தண்ணீரும் சேர்த்து, ஒரு வாரம் போலக் கிளறிக் கிளறி வைத்தால் இப்படி ஆகுமாம். மெல்லிசாகப் பூசு, ஒரு ராத்திரி போதும், வேறு உப்பு போடாதே, வழித்துவிட்டுச் சின்னத் தீயில் வேகவை. இவ்வளவுதான் பாடம். கஞ்சி குடிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர், கறிக்குப் பூச ஒரு ஜாடிக் கஞ்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடு வந்தார்.

வந்தவர் சொன்னபடி செய்தாரா? மெல்லிசாகப் பூசுவதாவது! ஜாடியில் பாதியைக் கறி மேல் கொட்டி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் போட்டார். மகள் வேலைக்குப் போன நேரத்தில் அடுப்பில் ஏற்றினால், கறி உப்புக்கரித்து, கரண்டி பட்டதும் கூழாகிவிட்டது. மிக்ஸி செய்கிற வேலையை மிக்ஸி இல்லாமலே செய்து வைத்திருந்தார். குப்பைக் கூடையில் பழைய பேப்பருக்கு அடியில் அதை மறைத்துவிட்டு, மறுபடியும் மாடி ஏறினார்.

"பூசச் சொன்னேன். புதைக்கச் சொல்லல" என்றார் டீச்சர்.

இப்போது கடையை நடத்துவது மகளின் புருஷன். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்த மாப்பிள்ளை, மகளுக்குத் தெரியாமல் கண்ணால் பேசியபடி ஒரு பொட்டலத்தை நீட்டினார். கொழுப்பு ஊடுபாய்ந்த கழுத்துக் கறி. கடைக்காரர் தன் பழைய கத்தியை எடுத்தார். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, குறுக்கே, மெல்லிய துண்டுகளாக இழைத்தார். இந்த முறை சொன்ன அளவு பூசி, மூடி, ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

பால் எடுக்கப் போன மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டாள். முகர்ந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாத்திரத்தோடு குப்பைக் கூடைப் பக்கம் திரும்பியவளை, கடைக்காரர் குறுக்கே வந்து மறித்துக்கொண்டார்.

"உனக்கு பயம்னு எனக்குப் புரியுதும்மா. ஆனா உன் பயத்துக்காக நான் சாகற வரைக்கும் தனியா உக்காந்து கஞ்சி குடிக்க முடியாது. நாளைக்கு நான் மேசையிலதான் சாப்பிடுவேன்."

மாப்பிள்ளை பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் பாத்திரம் ஃபிரிட்ஜுக்கே திரும்பியது, கதவு மட்டும் படாரென்று சாத்தப்பட்டது.

மறுநாள் நாற்காலியிலிருந்த துணிகளை அவரே அள்ளிக் கட்டிலில் போட்டார். ஒட்டியிருந்த அரிசியை வழித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் நிதானமாக வேகவைத்தார். கடைசியில் மூடியை எடுத்ததும் ஓரங்கள் சட்டென்று சிவந்துவிட்டன. அடுப்பைவிட்டு அவர் அசையவேயில்லை. வீடெல்லாம் மணத்தது.

மகள் அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு துண்டை ஸ்பூனால் அழுத்தினாள். விண்டது, ஆனால் கூழாகவில்லை. அதை அவர் தட்டில் வைத்தாள். ஒரு கையை அவருடைய நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டாள். விரித்த உள்ளங்கை, அறையத் தயாராக.

அவர் ஈறால் மென்றார். கறியின் சாறு இறங்கியது. கறி கறியாகவே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் மெல்வதை நிறுத்தவில்லை. ஒரு துண்டுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. நான் இன்னும் முடிக்கல" என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். மகளின் தட்டு தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது.

"என் முதுகுக்குக் காவல் போதும்மா. கையை எடுத்து சாப்பிடு."

அவர் விழுங்குகிற வரை அவள் எடுக்கவில்லை. தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே மெதுவாக மெல்ல ஆரம்பித்தாள்.