முடிவுத் தேதி இல்லாத விதி

சமார் தீவின் கரையோர ஊரில் அந்த வங்கிக் கிளை இருந்தது. விதிகள் முறையாகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அங்கே ரெமெடியோஸ் பகாய்ராவுடையது. அவளுக்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன் அனஸ்தாசியோ. பகாய்ரா வீட்டார் கையெழுத்து இட்டால் மறு கேள்வி கிடையாது என்பது ஊரில் வழங்கிய பேச்சு.

மணிலா தலைமையகத்திலிருந்து வந்திருந்த எர்னானி தும்லாவ் மூன்று வாரமாக ஒரே வேலையில் இருந்தார். ஊழியர்களின் தலைக்குள் கிடந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, கணினித் திரையில் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்தார். அந்த விதி வரைபடம் முடிந்துவிட்டால் பதினான்கு கிளைகளும் ஒரே அறிவோடு நடக்கும். மத்திய வங்கி ஆய்வாளர்களும் அதையே திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நான்கு கேள்விகள். விதி என்ன, ஏன் வந்தது, சொன்னது யார், எதுவரை? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கட்டம் சிவப்பாகவே நிற்கும்.

"ஆண்டவரே பத்துக் கட்டளையோட இறங்கி வந்தாலும், எதுவரைக்கும் ஆண்டவரேன்னு இது கேக்கும், மேடம்," என்பார் எர்னானி.

கடைசியில் சிவப்பாக நின்றது ஒரு கட்டம்தான். படகுக்காரர்கள் கட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம் என்ற விதி அது.

"இத யாரு சொன்னது?" என்று கேட்டார் எர்னானி.

கவுன்டரில் இருந்த ஹோவிதா தலை நிமிரவில்லை. "எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க முன்னாடி இருந்தவங்க. இங்க எல்லாருமே அப்படித்தான் சார் கத்துக்கிட்டோம்."

போன மாதம் மீன் வியாபாரி ஒருவன் படகுக்காரர்களின் கணக்குகள் வழியாகத் திருட்டுப் பணத்தைப் போட்டு எடுத்தது வெளியே வந்திருந்தது. கேள்வி கேட்காமல் வாங்கியவள் ஹோவிதா. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் அவள்மேல் நின்றால் வேலை போகும். வேறு எந்த வங்கியும் அவளைச் சேர்க்காது.

"ஆதாரமே இல்லன்னா கட்டத்த எடுத்துடலாம், மேடம்," என்றார் எர்னானி. "எடுத்துட்டா அப்படி ஒரு விதியே இருந்ததில்லன்னு ஆயிடும்."

அவர் உதவியாகத்தான் சொன்னார். ஆனால் விதி இல்லையென்றால் தப்பு முழுவதும் ஹோவிதாவுடையது. சொன்னது யார் என்பதோ ரெமெடியோஸுக்குத் தெரியும். பெரும்புயல் அடித்த மறுவாரம் அதைச் சொன்னபோது, அவளும் எழுத்தராக அந்தக் கூடத்தில் நின்றிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். எழுபத்து நான்கு வயதிலும் அவர் தன் செருப்பைத் தானே துடைப்பவர். வாசலில் உட்கார்ந்து தோல் செருப்பு ஒன்றுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புயல் வருஷம் படகுக்காரங்களக் கேக்காதீங்கன்னு சொன்னீங்களே. எத்தன நாளைக்கு?"

"வீடு, உரிமம், பிறப்புச் சீட்டு எல்லாம் கடலோட போச்சு. என்னத்தக் கேக்கறது? மேலிடத்துல அனுமதி வாங்கித்தான் சொன்னேன். ஆறு மாசம்."

"ஆறு மாசம்னு எங்ககிட்ட சொல்லலியே."

"சொல்லியிருப்பேன்."

"நான் அங்கதான் நின்னேன், அண்ணே."

தூரிகை நின்றது. இருபத்திரண்டு வருடங்கள். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"இப்ப அதுல என் பேரப் போடணுமாக்கும். பதினாலு கிளையும் படிக்கும்."

"பேர் இல்லன்னா ஹோவிதாவுக்கு வேல போயிடும். எழுத்துல எதுவும் இல்ல. நான் சொன்னா மட்டும் போதாது, சொன்னவரே வந்து உறுதி பண்ணணும்."

"அப்பா பேருல இதுவரைக்கும் ஒரு கறை விழுந்ததில்ல."

"விழ வேண்டியது இன்னொருத்தி மேல விழுந்து கிடக்கு."

"உனக்கு வாய் நீண்டுபோச்சு," என்றார். மறுபடியும் தூரிகையை எடுத்தார். போ என்றும் சொல்லவில்லை, சாப்பிட்டுப் போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ரெமெடியோஸ் நான்கு பதில்களையும் தானே நிரப்பினாள். எதுவரை என்ற இடத்தில், 'ஆறு மாதம். ஊழியர்களுக்கு அறிவிக்கப்படவில்லை' என்று எழுதினாள். எழுத்தில் இல்லாத விதிக்குச் சொன்னவரின் உறுதிக் கையெழுத்தும் வேண்டும்; அது இல்லாததால் கட்டம் சிவப்பாகவே இருந்தது. எர்னானி பெயரைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். கேலி எதுவும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. விசேஷங்களுக்கு மட்டும் உடுத்தும் வெள்ளை பாரோங் சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டு, அனஸ்தாசியோ நின்றார். ஹோவிதா பதறி எழுந்தாள்.

"நீ உக்காரும்மா," என்றார். அவர் உட்காரவில்லை. "ஆறு மாசம்னு எனக்குச் சொன்னாங்க. ஆறு மாசம்னு நான் இவங்களுக்குச் சொல்லல. எழுதிக்குங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

விசாரணை அதிகாரி வயதைச் சொல்லியோ புயலைச் சொல்லியோ அவருக்கு ஆறுதலாக ஏதோ தொடங்கினார்.

"புயலுக்கு விதிய நிறுத்தினது சரி," என்று அனஸ்தாசியோ இடைமறித்தார். "திரும்ப ஆரம்பிக்க மறந்தது நான். ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். ஹோவிதாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. மதியத்துக்குள் விதி வரைபடம் எல்லாக் கிளைகளுக்கும் போய்விட்டது.

ரெமெடியோஸ் அண்ணனை வங்கி வாசல்வரை கொண்டுவிட்டாள்.

"இந்நேரம் படிச்சிருப்பாங்களா?"

"படிச்சிருப்பாங்க, அண்ணே."

"முழுப் பேரும் போட்டியா?"

"போட்டேன்."

அவர் தொப்பியை வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போக வங்கியின் பின்பக்கமாக ஒரு சந்து உண்டு; வெயில் நேரத்தில் எல்லோரும் அதில்தான் போவார்கள். அனஸ்தாசியோ பகாய்ரா சந்தை வீதிக்குள் இறங்கி, கடைக்காரர்கள் பார்க்க, நடுத்தெருவில் நடந்தார்.