பத்திரம் ஆகாத வீடு

கருப்பட்டிக் கடைக்கு எதிரே மூன்று மாட்டுவண்டிகள் வழியை அடைத்து நின்றன. பிளாரன்ஸ் சக்கரங்களுக்கு இடையே புகுந்து நடந்தாள். விடியலில் அப்பா இறந்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அவள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அதன்பிறகு எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. வண்டிக்காரர்கள் வாயசைத்தார்கள்; சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த வெளிச்சம் மாடுகளின் கொம்புகளில் வழிந்துகொண்டிருந்தது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புது வீட்டுல ஒரு மணி நேரம் அவரு கெடக்கட்டும். அங்கனருந்து கோயிலுக்குக் கொண்டுபோவோம்."

சித்தப்பா மனுவேல் குதித்தார். "மயினி, ஒங்களுக்குப் புத்தி பெரண்டுபோச்சா? சாமியார் வந்து மந்திரிக்காத வீடு. பால் காய்ச்சல. மொதமொத சவமா உள்ள போவும்? அதுவுமில்லாம அது இன்னும் ஒங்க வீடே இல்ல. திங்கக்கிழமதான பத்திரம்? தரகன வையி, தரகன வையின்னு அண்ணன்ட்ட தலபாடா அடிச்சிக்கிட்டேன். அவன் இருந்தா ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கியிருப்பான்."

தரகன் வேண்டாமென்றது அப்பாதான். பாஸ்கல் தண்டல் என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் இல்லை. கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். "கொழும்புக்கே எவன்ட்டயும் வழி கேக்காம போறேன். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டக் காட்டுததுக்கு எனக்கு ஆளு வேணுமாக்கும்" என்று சிரித்தார். முப்பது வருஷம் வாடகை வீடு, அதிலும் பாதி நாள் கடல். சொந்தக் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

கருப்பட்டிக் கடைக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். வீட்டைக் கட்டி விற்கிறவர் அவர்தான். சேதி ஏற்கெனவே வந்திருந்தது. அவள் கேட்டு முடிக்கும்வரை அவர் கையில் எடுத்த கருப்பட்டியைத் தராசில் வைக்கவில்லை.

"ஏ பிள்ள, வெவரத்தோடதான் கேக்கியா? நாளைக்கு ஒங்கம்மா வீடு வேண்டாம்னுட்டா? சவம் கெடந்த புது வீட்ட எவன் வாங்குவான்?"

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"வீடு பாக்க வாரவன் வெலையக் கேப்பான். ஒங்கப்பன் என்ன செஞ்சான் தெரியுமா? கடல் மண்ணப் போட்டுப் பூசியிருக்கனான்னு மூணு ரூம்லயும் செவுத்த நக்கிப் பாத்தான். கொத்தனாருக்குச் சிரிப்பு அடங்கல. எனக்குன்னா கோவம். 'உப்பு இல்ல அண்ணாச்சி, எடுத்துக்கிடுதேன்'னான். அதோட சரி. சீட்டுமில்ல, சாட்சியுமில்ல."

"ஆமா."

"நான் அப்பவே வீடு கேட்ட வேற ரெண்டு பேருக்கு இல்லன்னு சொல்லிட்டேன்."

கல்லாவைத் திறந்து சாவியை எடுத்தவர், அவளிடம் தராமல் மடியில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு இன்னும் வெள்ளை அடித்திருக்கவில்லை. ஜன்னல்களுக்குக் கதவு மாட்டவில்லை. அண்ணாச்சி பூட்டைத் திறந்து, சாவியைப் பிளாரன்ஸ் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கி நின்றார். நான்கு பேர் அப்பாவைத் தூக்கி வந்து கூடத்தில் பெஞ்சில் கிடத்தினார்கள். வெறும் சுவர்களில் ஜெபமாலைச் சத்தம் மோதி, பக்கத்து அறையில் இன்னும் சிலர் ஜெபிப்பதுபோல் திரும்பி வந்தது. கடற்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து, அப்பாவின் வேட்டியை லேசாக அசைத்துவிட்டு, மறு ஜன்னலில் போனது. அவர் படுத்திருப்பது பெஞ்சில் இல்லை, மிதக்கிற எதன் மேலோ என்று ஒரு நொடி பிளாரன்ஸுக்குத் தோன்றியது. மனுவேல் சித்தப்பா நடுவாசலில் தலை குனிந்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே பார்த்தாள். எட்டு மாதம் இந்த வீட்டுக்குள் வெற்றிலையும் வாயுமாக நுழைந்து கொத்தனார்களை ஏசிக்கொண்டிருந்த காசிலிங்கம் அண்ணாச்சி, செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தோள் துண்டு கைக்கு வந்திருந்தது.

"உள்ள வரலாமா, தாயி?" என்று அம்மாவிடம் கேட்டார். 

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.