மூன்று பேர் இருக்கும் எண்

ஆர்ஹூஸ் நகரில் நான் வேலையில்லாமல் இருந்த குளிர்காலத்தில், ஒரு பேராசிரியருக்காகப் பெரிய பகா எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தேன். கையால் சுற்றும் கணக்கு மெஷின் ஒன்றை அவரே கொடுத்திருந்தார்.

கீழ்வீட்டில் எஸ்பெர்ன் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். மதியம் காப்பிக்கு மேலே வருவார்.

அன்று 129,99,63,601 என்ற எண்ணை முடித்திருந்தேன். 599 வரையுள்ள பகா எண்களால் வகுத்தாயிற்று. எதனாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. அதன்பின் குறுக்குவழி. அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணிக்கையில் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தால், பகா எண்ணுக்கு மீதி ஒன்றுதான் வரும். வந்தது. மூன்றுக்கும் வந்தது, ஐந்துக்கும், ஏழுக்கும்.

"ஒருவழியா முடிஞ்சுது. பகா எண்தான்" என்றேன்.

"எங்கே, ஒவ்வொரு இலக்கமாச் சொல்லுங்க, ரிக்மோர்."

சொன்னேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"உள்ள மூணு பேர் இருக்காங்க. மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறாங்க. ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல அறுநூறு அடி."

"நாலு தடவை சோதிச்சிருக்கேன். உங்க காதுல பியானோதான் கேட்குது."

"மெஷினைச் சுத்தி உங்க கை தேஞ்சதுதான் மிச்சம். இன்னும் ஒரே ஒரு எண்ணால வகுத்துப் பாருங்களேன்."

599-க்கு அடுத்த பகா எண் 601. அவர் வாயை அடைப்பதற்காகவே வகுத்தேன். மீதி இல்லை. வந்த ஈவு 1201-ஆல் சரியாக வகுபட்டு, 1801 நின்றது. மூன்றுக்கும் நடுவில் அறுநூறு, அறுநூறு. எல்லாச் சோதனையிலும் பகா எண்ணாகவே நடித்திருந்தது.

மறுநாள் பட்டியலின் அடுத்த எண்ணை நானாகவே படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"இதுல ஆள் இருக்கு. வேணாம், விட்டுடுங்க" என்றவர், தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, காப்பியைக் குடிக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

குறுக்குவழியை நான் இனி நம்புவதாக இல்லை. மூன்று மாதம் நாளுக்கு நாற்பது வகுத்தல் என்று, அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை போனேன். எதனாலும் வகுபடவில்லை. சந்தேகமே இல்லாத பகா எண். கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

"இந்தத் தடவை நீங்க சொன்னது தப்பு. அதுக்குள்ள யாருமே இல்லை."

அவர் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"நான் ரெண்டு பேர்னு சொல்லலையே. ஒருத்தர்தான். அந்த மூணு பேர் நாம கேட்கறோம்னு ஒளிஞ்சிருந்தாங்க. இது ஒளியலை, ரிக்மோர். நீங்க படிச்சப்போ அதுவும் என்னைக் காது கொடுத்துக் கேட்டுச்சு."

பட்டியலைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அந்த எண்ணும் அதில் இருக்கிறது. அதை நான் மறுபடி வாய்விட்டுப் படித்ததில்லை.