விடை கேட்காத கணக்கு

திரையில் ஒரு பட்டை உச்சிவரை எழும்பி நின்றது. பக்கத்துப் பட்டையைக் காணவே காணோம்.

"நெட்டையா நிக்குதே, அது பைத்தான். நாப்பது செகண்டு. இந்தப் பக்கம் சி பிளஸ் பிளஸ். பூஜ்யம்!" என்றார் பியோன் சங்உக். போன மாதம்தான் துணை இயக்குநராக வந்தவர். வந்த நாளிலிருந்து வேகம், வேகம் என்று எல்லார் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார். "ஒரே கணக்கு, ஒரே கம்ப்யூட்டர். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

கொரியாவின் மென்பொருள் நகரமான பான்க்யோவின் கண்ணாடிக் கட்டடங்களில் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் போதும், தலைகள் உருளும். இன்று உருளப்போவது ஓக் தாஹேயின் குழு. குளிர்சாதன லாரிகள் எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராமைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி, ஆறு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் அவளும் இன்னும் மூன்று பேரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பியோன் தன் ஆட்களை வைத்து சி பிளஸ் பிளஸ் மொழியில் புதிதாக எழுதப்போகிறாராம். இவர்கள் நாலு பேரும் நாலு திசையில் போகவேண்டியதுதான். முடிவு சொல்ல இயக்குநர் குக் இசா அம்மாள் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

கை தட்டினார்கள். "கேள்வி ஏதாவது?" என்றார் பியோன்.

மேலதிகாரி அப்படிக் கேட்டால், சாப்பிட எழுந்திருக்கலாம் என்று அர்த்தம். அதை நிஜமென்று நம்பிக் கேள்வி கேட்கிற பைத்தியம் அந்த மாடியில் இதுவரை யாருமில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. கீழே கிம்ச்சிக் குழம்புக் கடையில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு இருக்கு சார்," என்றாள் தாஹே.

அவள் குழுவிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி சோல். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். "அக்கா, சும்மா இருங்க. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்."

"சாப்பிட்டுட்டு வந்தா நமக்கு நாற்காலி இருக்காதுடா," என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். "சார், உங்க கணக்குக்கு விடை எவ்வளவு?"

"விடையா? நாம பாக்கறது நேரத்தைம்மா."

"ரெண்டு கோடிப் பாதையோட தூரத்தைக் கூட்டச் சொல்லியிருக்கீங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கூட்டிடுச்சு. எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கறேன். அது தப்பா?"

"விடையைக் காட்டச் சொல்லலை. அது நமக்குத் தேவையில்லையே."

"அதுவும் அப்படித்தான் நெனச்சிருக்கு. நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கற கம்பைலர் விவரமான ஆளு சார். விடையை யாரும் கேக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சா, கணக்கையே போடாம விட்டுடும். ஓடவே ஓடாதவனுக்கு ஓட்டப்பந்தயத்துல முதல் பரிசு குடுத்திருக்கீங்க!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள். பியோனின் முகம் சிவந்தது. "கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க."

"மரியாதைக்கு என்ன குறைச்சல்? ஒரே ஒரு வரி சேருங்க. விடையைக் காட்டுன்னு."

இயக்குநர் அம்மாள் கிளம்ப எடுத்த தன் கோட்டை மறுபடி நாற்காலியில் மாட்டினார். "சேருங்களேன் பியோன். பசி பொறுக்கும்."

சேர்த்தார். ஓட்டினார். இந்த முறை இரண்டு விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தது ஒரு நீண்ட எண், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு.

"மைனஸா!" சோல் தன்னை மறந்து கத்திவிட்டான். "லாரியெல்லாம் ரிவர்ஸ்லயே போச்சா?"

அறையே சிரித்தது. கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்குப் பியோன் ஒதுக்கிய இடம் சின்னது. கூட்டுத்தொகை அதில் அடங்காமல் புரண்டு மைனஸாகிவிட்டது. பைத்தானில் அந்தத் தொல்லை கிடையாது, எண் பெருக்கப் பெருக்க இடம் கொடுத்துக்கொண்டே போகும். பியோன் அவசர அவசரமாகப் பெரிய இடம் ஒதுக்கினார். இப்போது விடை சரி. நேரம் அதே இரண்டு விநாடி.

"பாத்தீங்களா! அப்பவும் இருபது மடங்கு வேகம்!"

உண்மைதான். சிரிப்பு அடங்கிப்போனது. சோல் தலையைத் தொங்கப்போட்டான்.

"வேகம்தான். யாரு இல்லைன்னாங்க?" என்றாள் தாஹே. "மாத்தித்தான் எழுதணும். ஆனா நாங்கதான் எழுதுவோம்."

"உங்களுக்கு சி பிளஸ் பிளஸ் தெரியுமா?" என்றார் இயக்குநர்.

"தெரியாது மேடம். மூணு மாசத்துல கத்துக்குவோம். ஆனா எந்தப் பாலத்துல லாரி மாட்டும், எந்தச் சந்துல திரும்பாது, எந்த விடை வந்தா பொய், அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதைக் கத்துக்க அவருக்கு எவ்வளவு நாளாகும்னு அவரையே கேளுங்க. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா போடாத கணக்கைக் காட்டி அனுப்பாதீங்க!"

இயக்குநர் திரும்பினார். "சொல்லுங்க பியோன். எவ்வளவு நாளாகும்?"

"அதை என்னால சொல்ல முடியாது மேடம். அவங்க கேக்கலைன்னா அந்த மைனஸை நான் பாத்தே இருக்க மாட்டேன்," என்றார் பியோன். "அவங்களே எழுதட்டும். மொழியை நான் சொல்லித் தரேன். நாளையிலேருந்து என் அறைக்கு வரட்டும்." இயக்குநர் சரியென்று தலையாட்டினார்.

"உங்க அறைக்கு நாங்க வர மாட்டோம் சார்," என்றாள் தாஹே. "நீங்க எங்க இடத்துக்கு வாங்க."