பொதுச்சுவரின் சூடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஜனவரியில், என் வீட்டு மாடியின் பின் அறையில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குமிழை இரண்டிலிருந்து பூஜ்யத்துக்குத் திருப்பினேன். மூன்று நொடி ஆகியிருக்கும். அதை எழுத ஒன்பது மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "பனி பெய்த காலையில் வரிசை வீடுகளின் கூரைகள் எல்லாம் வெள்ளையாக இருக்க, ஒரே ஒரு கூரையில் மட்டும் ஓடு தெரிந்தது." அடித்துவிட்டேன். உள்ளே விளக்குச் சூட்டில் கஞ்சா வளர்க்கிற வீட்டின் கூரையில் பனி தங்காது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தவிர, அப்படி நடக்கவே இல்லை. பக்கத்து வீட்டு வெஸ்ஸலின் கூரையில் பனி மற்ற எல்லார் கூரையிலும் போலக் கெட்டியாகத்தான் கிடந்தது. அவனுடைய அறை அந்த அளவுக்கு ஒருநாளும் சூடானதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "ரென்ஸ்கேயின் கால்கள் இழுத்துக்கொள்ளும்போது அவள் முகம்—"

இதையும் நிறுத்தினேன். ஒருத்தியின் வலியை வாசலில் நிற்கவைத்து உங்களை உள்ளே அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதுவும் அந்த வலியில் எனக்கும் பங்கிருக்கும்போது.

2

வெஸ்ஸல் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்க்கிறவன். படகுக்காரர்களைத் தவிர யாரோடும் உரக்கப் பேசமாட்டான். அவன் மனைவி ரென்ஸ்கே ஊர் நீச்சல்குளத்தில் ஆசிரியையாக இருந்தவள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும், முதன்முதலில் தன்னைத் தண்ணீருக்குள் தள்ளியவள் அவள்தான் என்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நரம்பு நோய் வந்தது. கால் தசைகள் திடீரென்று கல்லாகிவிடும். மாத்திரை போட்டால் தளரும், ஆனால் நாள் முழுக்கத் தூங்குவாள். கஞ்சா எண்ணெய் நான்கு சொட்டு நாக்கின் கீழ் விட்டால் தளரும், விழித்தும் இருப்பாள். மருந்துக்கடை எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெஸ்ஸல் தக்காளிச் செடிகளுக்கு நடுவே வளர்த்ததுதான் ஒத்துக்கொண்டது.

வீட்டுக்கு ஐந்து செடிவரை இங்கே கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். ஆனால் விளக்குப் போட்டு, விசிறி மாட்டி வளர்த்தால் அது தொழில் என்று பெயராகிவிடும். எங்கள் வரிசை முழுவதும் வாடகை வீடுகள். தொழில் என்று பெயரானால் வீட்டு வாரியம் காலிசெய்யச் சொல்லிவிடும்.

அந்த ஜனவரிக்கு முந்தைய கோடை முழுதும் மழை. செப்டம்பரில் செடிகளின் பூக்களைப் பூஞ்சை தின்றுவிட்டது. ரென்ஸ்கேயிடம் ஜனவரிவரைக்கும்தான் எண்ணெய் இருந்தது. அதனால் வெஸ்ஸல், பாலத்தில் சிவப்பு விளக்கு எரியும்போது சைக்கிளைக்கூட நகர்த்தாத வெஸ்ஸல், மாடிப் பின் அறையில் துணிக் கூடாரம் ஒன்றை நிறுத்தி, மூன்று செடிகளை வைத்து, விளக்கை மாட்டினான்.

3

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. அவர்கள் வீட்டில் காலை பத்தரை மணிக் காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். டப்பாவை மூடி உள்ளே வைத்த பிறகுதான் வெஸ்ஸல் வாயைத் திறந்தான்.

"பக்கத்து வீட்டம்மா, உன் பின் ரூம்ல ரேடியேட்டர் இருக்குல்ல?"

"இருக்கு. பெரெண்ட் போட்டது." (பெரெண்ட் என் கணவன். அந்த அறையை வேலை அறையாக்கி, ரேடியேட்டர் வைத்து, இரண்டு குளிர்காலம் அதில் உட்கார்ந்திருந்துவிட்டு, லேவார்டன் நகரில் இருக்கும் ஒருத்தியிடம் போய்விட்டான். அவனுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை.)

"ஓடுதா?"

"தொட்டே ஆறு வருஷமாச்சு. வேணுமா? கழட்டிட்டுப் போ."

"ரேடியேட்டர் வேணாம். சூடு மட்டும் போதும்."

ரென்ஸ்கே சிரித்துவிட்டாள். "ஹில்லி, இதை உன்கிட்ட கேக்க மூணு நாளா குளியலறையில ஒத்திகை பாத்தான்டி. சத்தமா."

வெஸ்ஸல் காது சிவக்க விளக்கினான். அவர்கள் பின் அறையில் ரேடியேட்டரே கிடையாது. கட்டினவர்கள் வைக்கவில்லை, படுக்கையறைக்கு யார் சூடு வைப்பார்கள்? விளக்கு எரியும் பன்னிரண்டு மணி நேரம் பிரச்சினை இல்லை, அதுவே சூடு கொடுக்கும். அதனால்தான் குளிர் அதிகமான இரவில் விளக்கை எரியவிட்டு, பகலைச் செடிகளுக்கு இரவாக்கியிருந்தான். ஆனால் அணைந்திருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் பதினொரு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டர் மாட்டினால் ஃபியூஸ் போகிறது. நம் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். உன் பக்கம் சூடாக இருந்தால்...

"படுக்கற ரூமுக்கா சூடு? எங்கம்மா கேட்டா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவா."

"வரட்டும். அங்க அவளுக்கும் குளிரும்" என்றாள் ரென்ஸ்கே.

"எத்தனையில வைக்கணும்?"

"ரெண்டு போதும். மூணு வேணாம், கேஸ் பில்லுல நீ ஏழையாயிடுவ."

"உனக்காக ஏழையாக நான் என்ன உன் பொண்டாட்டியா?"

"அந்த வேலை இப்ப காலியில்லடி" என்றாள் ரென்ஸ்கே.

மூன்று பேரும் சிரித்தோம். சரி என்றேன்.

* இந்த இடத்தில் ஒன்றை மறைத்தால் கதை நகராது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, என் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒருத்திக்காக ஒருவன் குளியலறையில் ஒத்திகை பார்க்கிறான் என்பது என்னை என்னவோ செய்தது. அதைப் பொறாமை என்று எழுதினேன், அடித்தேன், வேறு சொல் கிடைக்காமல் மறுபடி எழுதினேன்.

4

அடுத்த ஏழு வாரங்களைப் பற்றி நிறைய எழுதிவைத்திருக்கிறேன். கதைக்கு அவ்வளவு தேவையில்லை. என்னால் வெட்ட முடியவில்லை.

தொட்டிகள் தரையைத் தொடக்கூடாது என்று அடியில் தெர்மோகோல் வைத்து அதன்மேல் பலகை போட்டான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றமாட்டான். ரென்ஸ்கே முழங்கையை விட்டுப் பார்த்து, "குழந்தையைக் குளிப்பாட்டலாம்" என்ற பிறகே ஊற்றுவான். வேலைக்குப் போகுமுன் இரண்டு வெந்நீர்ப் பைகளைத் தொட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவான். வியர்த்த காற்றை ஒரு சின்ன விசிறி பழைய புகைபோக்கித் துளை வழியே வெளியேற்றியது. அதோடு சூடும் போனது. துளையைச் சின்னதாக்கினால் ஈரம் தங்கும், பெரிதாக்கினால் குளிரும். துளையின்மேல் அட்டையை நகர்த்தி நகர்த்தி, வெப்பநிலையைக் கதவுச் சட்டத்தில் பென்சிலால் குறித்துவைப்பான்.

ரென்ஸ்கே தினமும் செடிகளைப் பார்க்கப் போவாள். படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கி மாடிக்குப் போவாள். பதினான்கு படி. சுவர் வழியாக எனக்கு அது கேட்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் சுவரைத் தட்டுவாள்.

"ஹில்லி! இன்னிக்கி பதினெட்டு!"

"இங்க பத்தொம்பது! நான்தான் ஜெயிச்சேன்!"

ஆறு வருடம் திறக்காத அறையில், சூடான ரேடியேட்டர்மேல் முதுகைச் சாய்த்து நின்றபடி ஒரு சுவரோடு கத்திப் பேசினேன். அந்த வாரங்களில் எழுதவும் செய்தேன். (அந்த மேசையில்தான் இப்போதும் எழுதுகிறேன். குளிர்கிறது.)

5

இனி ஜனவரி. உறைநிலைக்குக் கீழே எட்டு டிகிரி போனது. கால்வாய்கள் உறைந்தன. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கெட்டியான இயற்கைப் பனிக்கட்டி. அப்படி ஒரு வாரம் வந்தால் இந்த நாட்டில் யாருக்கும் புத்தி நிலையாக இருக்காது; கூட்டங்கள் தள்ளிப்போகும், ஆசிரியர்கள் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு பனிக்கட்டியில் சறுக்கப் போவார்கள். பிரீஸ்லாந்து ஏரிக்கரையில் இருக்கும் என் அக்கா போன் செய்தாள்: "நாலு நாள்தான் தாங்குமாம். வரப்போறியா, இல்ல உக்காந்து எழுதப்போறியா?"

வீட்டைப் பூட்டிப் போகும்போது எல்லா ரேடியேட்டர்களையும் குறைத்துவிட்டுப் போவோம். இது யோசித்துச் செய்வதில்லை. கூடம், சமையலறை, குளியலறை, மாடி முன் அறை, மாடிப் பின் அறை.

இங்கே மூன்று வரைவுகள் இருக்கின்றன.

முதல் வரைவில் கை தானாகத் திருப்புகிறது. ஏரிக்குப் போகிற வழியில் ரயிலில் நினைவு வருகிறது, திடுக்கிடுகிறாள். (பாருங்கள், "திடுக்கிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரைவில் நான் "நான்" இல்லை.)

இரண்டாவது வரைவில் அவள் குமிழைத் தொடவே இல்லை. செடிகள் பூத்து, எண்ணெயாகி, ரென்ஸ்கே வசந்தத்தில் நீச்சல்குளத்தின் ஓரத்தில் கால் நனைக்கிறாள். இதுவரை நான் எழுதியவற்றில் மிக மோசமான பக்கம் அது.

மூன்றாவதுதான் நடந்தது. பின் அறைக் கதவருகே நின்றேன். நினைவிருந்தது. அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆளில்லாத வீட்டில் நாலு நாள் ஒரு படுக்கையறை ரேடியேட்டர் எரிவதா என்று அம்மா என் தலைக்குள் கேட்டாள். நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று நான் பதில் சொன்னேன். திருப்பினேன். சுவரைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; அவன் சாவியை வாங்கிக்கொண்டு வந்து தானே பார்த்துக்கொண்டிருப்பான். தட்டவில்லை. தட்டினால் அவர்கள் சிரிப்பது நிற்கும் என்பதால் தட்டவில்லை என்று இதுநாள்வரை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு என் தயவு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆசையும் இருந்திருக்கலாம்—

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

நான்கு நாளும் நன்றாகச் சறுக்கினேன். கரையில் சுடச்சுடப் பட்டாணி சூப் விற்றார்கள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பல வருடம் ஆகியிருந்தது.

6

திரும்பி வந்ததும் முதலில் குமிழை இரண்டுக்கு வைத்தேன். இது முக்கியம்: கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வைத்தேன். அதாவது, எனக்குத் தெரியும்.

வெஸ்ஸலின் கதவுச் சட்டத்தில் பென்சில் எண்கள் பதினேழு, பன்னிரண்டு, ஒன்பது, எட்டு என்று இறங்கியிருந்தன. என் பக்கம் எரிகிறது என்று அவன் நம்பியதால் தன் துளையைச் சந்தேகப்பட்டிருக்கிறான். சூடு அந்த வழியாகத்தான் போகிறது என்று அட்டையை வைத்து முழுக்க அடைத்து டேப் ஒட்டிவிட்டான். விளக்கெரியும் நேரத்தில் செடிகள் விட்ட ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராக வழிந்தது. ஒரு வாரத்தில் பூக்களுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. மூன்று செடியும் போயிற்று.

"முட்டாள் நான்தான், பக்கத்து வீட்டம்மா. காத்துப் போற வழிய யாராவது அடைப்பாங்களா? முதல் பாடமே அதான்."

"நீ என்ன தோட்டக்காரனா? பாலத்துக்காரன்தானே" என்றாள் ரென்ஸ்கே. அவள் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்திருந்தாள், மேலே போகாமல். "விடு. மாத்திரை இருக்கு. தூங்கிட்டாப் போச்சு, உன் முகத்தைப் பாக்கற தொல்லை இல்ல."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் பிஸ்கட் இருந்தது.

பிப்ரவரியில் மாத்திரை தொடங்கியது. சுவரில் யாரும் தட்டவில்லை. மே மாதம், படிக்கட்டு இல்லாத பராமரிப்பு இல்லத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

* நோய் தன் பாட்டுக்கு முற்றியிருக்கும் என்று டாக்டர் வெஸ்ஸலிடம் சொன்னாராம். இருக்கலாம். அவரிடம் குமிழைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

7

இந்த இடத்தில் கதையை முடிப்பதாகத்தான் இருந்தேன், பழைய குற்றமாக, ஒருவகை அழகோடு. ஆனால் நேற்று வெஸ்ஸல் வந்தான். இந்தக் கோடையிலும் தோட்டத்தில் செடிகள் தேறவில்லை. இல்லத்தில் எண்ணெய் கொடுக்கத் தடையில்லை, கொண்டுவந்து தந்தால் போதும் என்கிறார்களாம்.

"அவ நாள் பூரா தூங்கறா. போன வாரம் என்னைப் பாத்து 'பாலம் தூக்கிட்டாங்களா'ன்னு கேட்டுட்டு மறுபடி தூங்கிட்டா."

"மறுபடி வளர்க்கப்போறியா?"

"என் ரூம்ல முடியாது. அந்தச் சுவருக்குள்ள பூஞ்சை உக்காந்துடுச்சு." தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். இதையும் ஒத்திகை பார்த்திருப்பான், இந்தமுறை கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லாமல். "உன் பின் ரூம்ல வைக்கலாமான்னு... மாட்டினா உன் வீடும் போயிடும், அது தெரியும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, நான் தப்பா நினைக்கமாட்டேன். இந்த வரிசையில ஒரு ரூமை நம்பிச் சூடா வச்சிருந்தவ நீ ஒருத்திதான், அதான் கேட்டேன்."

நாளைக் காலை பத்தரைக்குச் சொல்கிறேன் என்றேன்.

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். வீட்டு வாரியத்தைச் சொல்லி மறுத்துவிடலாம். நியாயமான காரணம், அவன் தலையாட்டிவிட்டுப் போவான், ரென்ஸ்கே தூங்கிக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லாமல் சரி என்றால், அவன் தினமும் என் படியேறி வந்து எனக்கு நன்றி சொல்வான். குளிர்காலம் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டுச் சரி என்றால், அதன் பிறகும் அவன் தன் செடிகளை என் கையில் விடுவானா? விடாவிட்டால் அவனுக்கு வேறு அறை இல்லை. என் மனம் லேசாவதற்கு ரென்ஸ்கே இன்னொரு வருடம் தூங்கவேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. இது எழுத்தாளர்கள் சொல்லும் தெரியவில்லை அல்ல. அவன் காப்பியைக் குடித்துவிட்டு, "என்ன முடிவு பண்ணின, பக்கத்து வீட்டம்மா?" என்பான். அதன் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். என்னைக் காப்பாற்றுவதாகவோ தண்டிப்பதாகவோ எழுதவேண்டாம், இரண்டையும் நானே போதுமான அளவு செய்து பார்த்துவிட்டேன். அவன் உண்மையைக் கேட்டு வரவில்லை. ஒரு சூடான அறையைக் கேட்டு வருகிறான்.